நாடக மேடையில் யூதர் இல்லம்

ஒரு நாட்டு மக்களின் மனப்போக்கை அறிவதற்குச் செப்பேடுகளும் கல்வெட்டுகளும் பயன்படுவது போலவே, அந்நாட்டு நாடக மேடையும் பயன்படும். தம்மைப் பற்றி மக்கள் என்ன எண்ணியிருந்தார்கள் என்பதைச் செப்பேடு கூறும். பிறரைப் பற்றி என்ன எண்ணியிருந்தார்கள் என்பதை நாடகம் கூறிவிடும். எவனைக் கண்டு சபையோர் நகைத்தார்கள், எவனைக் கண்டு சினந்தார்கள், எவனுக்காகக் கண்ணீர் விட்டார்கள் என்று கணக்கெடுத்தால், அதுவே ஒரு சரித்திரமாக அமையும். இந்த நோக்கத்துடன், வெறுப்புக்கும் ஒதுக்கலுக்கும் ஆளான யூதக் குடும்பம் ஒன்று மேடைக்கு வரும் வகையை இங்கே சற்று ஆராய்வோம். தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நமக்கு இது தொலைதூரத்துச் செய்தியன்று. நம்முள் பலர் வாழ்ந்துவரும் கேரளத்திலேயே இதற்கான மூலப் பொருள் நிறையக் கிடைக்கிறது.

முதலில் மேல்நாட்டு மேடையைப் பார்ப்போம். இங்கிலாந்திலிருந்து யூதர்கள் 1290-ல் வெளியேற்றப்பட்டார்கள். 1656-ல்தான் மீண்டும் குடியேற இசைவு பெற்றார்கள். ஷேக்ஸ்பியர் தமது 'வெனிஸ் வணிகன்' நாடகத்தை எழுதியது 1596-97 ஆண்டுகளை ஒட்டி. ஆகவே, அந்நாடகத்தை முதன்முதலில் கண்ட லண்டன் மக்களில் மிகப் பெரும்பாலோர் வெளிப்படையாக வாழும் யூதர் ஒருவரைத் தம் வாழ்நாளில் பார்த்தவர்கள் அல்லர். கண்ணால் காணாத ஒரு மனிதனைக் கதையால் வெறுக்கக் கற்றுக்கொண்டார்கள். இதைப் பின்னர் நினைவுகூர வேண்டியிருக்கும்.

நெடுங்காலம் ஷைலாக் என்னும் பாத்திரம் கோமாளியாகவே நடிக்கப்பட்டு வந்தது. 1741-ல் டிரூரி லேன் அரங்கில் சார்லஸ் மேக்லின் என்ற நடிகர் அவனைச் சிரிப்புக்குரியவனாக அல்லாமல், அச்சம் தரும் மனிதனாக நடித்துக் காட்டினார். 1814-ல் அதே அரங்கில் எட்மண்ட் கீன், வழக்கமான சிவப்புப் பொய்ம்முடியைத் தள்ளிவிட்டுக் கறுப்பு முடியுடன் தோன்றி, அவனை இழிவுக்கு ஆளாகி உள்ளம் புண்பட்ட மனிதனாக ஆக்கினார். நாடக நூலில் ஓர் எழுத்தும் மாறவில்லை, நடிப்பு மாறியது, சபையோரின் உள்ளம் மாறியது. கோமாளி கொடியவனாகி, கொடியவன் துயருற்றவனாக ஆவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பிடித்தன.

இதற்கிடையே வேறு சிலர் புது நாடகங்களையே எழுதினார்கள். ஜெர்மனியில் லெஸ்ஸிங் 1749-ல் 'யூதர்கள்' என்னும் சிறு நாடகத்தை எழுதினார். கொள்ளையரிடமிருந்து ஒரு பிரபுவைக் காப்பாற்றிய பண்பாளன் ஒரு யூதன் என்பது கடைசியில் தெரியவருவதே அதன் கதை. யூதன் நல்லவனாக இருக்க முடியுமா என்று அக்காலத்துத் திறனாய்வாளர் ஒருவர் ஐயுற்றார் என்றால், அந்நாளைய மனநிலையை நாம் ஊகித்துக் கொள்ளலாம். அதே லெஸ்ஸிங் 1779-ல் 'ஞானி நாதன்' என்னும் பெருநாடகத்தை வெளியிட்டார். யூதன், இஸ்லாமியன், கிறிஸ்தவன் ஆகிய மூவரும் ஒரு தந்தை தந்த மூன்று மோதிரங்களைப் போன்றவர்கள் என்ற உவமைக் கதை அதன் உயிர்நாடி. 1781-ல் ஆசிரியர் காலமானார். நாடகம் 1783-ல்தான் பெர்லினில் மேடையேறியது. நாஜிகளின் ஆட்சியில் அதற்கு மேடை மறுக்கப்பட்டது. போர் ஓய்ந்த பின், 1945 செப்டம்பரில், பெர்லின் நகரின் புகழ்பெற்ற ஜெர்மன் நாடக அரங்கம் தன் கதவுகளை அந்த நாடகத்தைக் கொண்டே மீண்டும் திறந்தது. இடிபாடுகளுக்கு நடுவே எந்த நாடகத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதும் ஒரு தீர்ப்புத்தான்.

யூதக் குடும்பம் ஒன்றையே நடுவில் வைத்து உலகெங்கும் சென்ற நாடகம், ஆன் பிராங்க் என்ற சிறுமியின் நாட்குறிப்பைத் தழுவி எழுதப்பட்டு 1955 அக்டோபரில் நியூயார்க்கில் அரங்கேறியதாகும். 1956 அக்டோபர் முதல் நாள் அது ஜெர்மனியின் பல நகரங்களில் ஒரே சமயத்தில் மேடையேறியது. திரை விழுந்த பின் கைதட்டல் இல்லாமல் மக்கள் மௌனமாக எழுந்து சென்றார்கள் என்று அக்காலச் செய்திகள் கூறுகின்றன. அந்த மௌனத்திற்கு ஈடான விமர்சனம் வேறில்லை.

நம் நாட்டு நாடகம் ஒன்றும் இந்தச் சரித்திரத்தில் இடம்பெற்றிருக்கிறது. ரவீந்திரநாத தாகூரின் 'அஞ்சல் நிலையம்' நாடகத்தை, வார்ஸா நகரின் யூதச் சேரியில் அடைபட்டிருந்த அநாதைக் குழந்தைகளைக் கொண்டு, டாக்டர் யானுஷ் கோர்ச்சாக் 1942 ஜூலை 18-ல் நடத்தினார். நோயுற்று அறைக்குள் கிடக்கும் சிறுவன் ஜன்னல் வழியே உலகைப் பார்த்து, அமைதியாக இறுதியை எதிர்கொள்ளும் கதை அது. மூன்று வாரங்கள் கழிவதற்குள், ஆகஸ்டு முதல் வாரத்தில், அக்குழந்தைகளும் ஆசிரியரும் டிரெப்ளிங்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்டனர். வங்காளத்தில் பிறந்த நாடகம் ஒன்று, மரணத்தை எதிர்நோக்கிய யூதக் குழந்தைகளுக்குத் துணையாக நின்றது என்பதை நாம் மறத்தலாகாது.

இனி நம் தமிழ் மேடைக்கு வருவோம். ஷேக்ஸ்பியரின் நாடகங்களுள் தமிழுக்கு மிக முற்பட வந்தவற்றுள் ஒன்று இந்த 'வெனிஸ் வர்த்தகன்'தான். வேணுகோபாலாசாரியார் 1874-ல் அதனைத் தமிழாக்கினார். 1891-ல் சென்னையில் சுகுணவிலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியார், அதனைத் தழுவி 'வாணீபுர வணிகன்' என்ற நாடகத்தை இயற்றினார். 1940-ல் செருகளத்தூர் சாமா ஷைலாக்காக நடிக்க, 'ஷைலாக்' என்ற தமிழ்த் திரைப்படமே வெளிவந்தது. கல்லூரிப் பாடமாகவும் சபா நாடகமாகவும் இந்தக் கதை பரவியதன் விளைவாக, ஈவிரக்கமற்ற வட்டிக்காரனை 'ஷைலாக்' என்றழைக்கும் வழக்கம் படித்த தமிழரிடையே நிலைபெற்றது. லண்டன் மக்களைப் போலவே நாமும், காணாத ஒரு மக்கள் கூட்டத்தைப் பற்றிய எண்ணத்தை ஒரு நாடகத்திலிருந்து பெற்றுக்கொண்டோம்.

ஆனால், உண்மையில் யூதர்கள் நமக்குக் காணாதவர்கள்தாமா? சென்னை நகரசபை 1688-ல் முதன்முதல் அமைந்தபோது, அதன் உறுப்பினருள் யூத வணிகர்களும் இருந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து பவளத்தைக் கொணர்ந்து, கோல்கொண்டா வைரத்தை ஏற்றுமதி செய்வது அவர்கள் தொழில். சென்னை முத்தியாலுப்பேட்டையில் உள்ள பவளக்காரத் தெரு அந்த வணிகக் காலத்தை இன்றும் நினைவூட்டுகிறது. அதற்கும் எழுநூறு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே, நம் மலைத்தொடருக்கு மேற்கே, வட்டெழுத்தில் பொறித்த செப்பேட்டில் யூதர் பெயர் ஏறிவிட்டது.

849-ஆம் ஆண்டைச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடுகளை முதலில் கூற வேண்டும். வேணாட்டை ஆண்ட அய்யனடிகள், கிறிஸ்தவப் பள்ளி ஒன்றிற்கு அளித்த கொடை அது. அதற்குச் சாட்சியாகக் கையெழுத்திட்டவர்களுள் சிலர் அரபு எழுத்திலும், சிலர் பழைய பாரசீக எழுத்திலும், சிலர் எபிரேய எழுத்திலும் ஒப்பமிட்டுள்ளார்கள். எபிரேய எழுத்தில் எழுதியவர்கள் யூதர்கள். திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பகற்பொழுதில் நடந்தே போய்விட முடியாது என்றாலும், ரயிலில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சேரக்கூடிய ஊரில், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் இத்தனை மதத்தினரும் ஒரே ஓலைக்குக் கீழே கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

அடுத்தது, ஏறத்தாழ 1000-ஆம் ஆண்டில் சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன், முயிரிக்கோட்டில் வீற்றிருந்து, யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அளித்த செப்பேடு. இன்று மட்டாஞ்சேரி யூதப் பள்ளியில் காக்கப்பட்டு வருவது இதுவே. அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் உரிமையும், 72 சிறப்புரிமைகளும், சுங்கம், துலாக்கூலி ஆகியவற்றிலிருந்து விலக்கும் அவருக்கு வழங்கப்பட்டன. பகல் விளக்கு, நடை பாவாடை, பல்லக்கு, குடை, பறை, காகளம், தோரணம் என்று அந்த உரிமைகள் விரிகின்றன. இவை அக்காலத்துப் பிரபுக்களுக்கே உரிய அடையாளங்கள். சாட்சியாக ஒப்பமிட்டவர்களுள் வேணாட்டுத் தலைவன் கோவர்த்தன மார்த்தாண்டனும் ஒருவன். வேணாடே பிற்காலத்தில் திருவிதாங்கூராக வளர்ந்து திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்டது. 2017-ல் இந்தியப் பிரதமர் இஸ்ரேல் சென்றபோது, அந்நாட்டுப் பிரதமருக்குப் பரிசாகக் கொண்டு சென்றவை இத்தகைய கேரளச் செப்பேடுகளின் படிகளே.

இந்த வேணாட்டு அரசர்களின் வரலாற்றைக் கல்வெட்டுகளிலிருந்து முறையாகத் தொகுத்தளித்த முன்னோடிகளுள் ஒருவர் தமிழர் என்பதும், அவரே நாடகாசிரியர் என்பதும் நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கவை. அவர் 'மனோன்மணீயம்' பாடிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளை. ஆலப்புழையில் 1855-ல் பிறந்து, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கி, 1891-ல் அந்த நாடகத்தை வெளியிட்டார், திருவிதாங்கூரின் தொன்மையான அரசர்களைப் பற்றிய ஆராய்ச்சியை 1894-ல் வெளியிட்டார், 1897-ல் மறைந்தார். தமிழ் நாடக இலக்கியத்தின் பெருமைமிக்க நூல் ஒன்று, தமிழ்நாட்டின் இன்றைய எல்லைக்கு வெளியே, மலையாள நாட்டின் தலைநகரில் எழுதப்பட்டது. வெளிநாட்டில் வாழ்வோன் இரு மக்களின் வாழ்வையும் நன்கு பார்க்க முடியும் என்பதற்கு அவரே சான்று.

கேரள யூதர்களின் வாழ்வு சிறப்புரிமையுடன் மட்டும் நின்றுவிடவில்லை. 1524-ல் கொடுங்கல்லூரில் அவர்கள் தாக்கப்பட்டார்கள். போர்த்துக்கீசியரின் கொடுமை மிகுந்தபோது, கொச்சி அரசரின் நிழலில் வந்து ஒதுங்கினார்கள். அரசர் தம் அரண்மனையை ஒட்டியே நிலம் தந்தார். அங்கே 1568-ல் எழுந்ததே மட்டாஞ்சேரிப் பரதேசிப் பள்ளி. 1662-ல் போர்த்துக்கீசியர் அதனைத் தாக்கித் தீயிட்டார்கள். மறு ஆண்டு டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றிய பின்னரே அது புதுப்பிக்கப்பட்டது. அரசரின் கோயிலும் யூதரின் பள்ளியும் ஏறத்தாழ ஒரே மதிலைப் பகிர்ந்துகொண்டு இன்றும் நிற்கின்றன. ஐரோப்பாவின் பெருநகர்களில் காணக்கிடைக்காத காட்சி இது. இந்நாட்டு மன்னர்களாலும் அயல்வீட்டு மக்களாலும் யூதர்கள் வெறுக்கப்படவில்லை என்பதைக் கேரள யூதர்களே நன்றியுடன் கூறி வந்திருக்கிறார்கள்.

இங்கேதான் நாடகாசிரியன் நின்று யோசிக்க வேண்டும். அயலார் வெறுக்கவில்லை என்றால், கேரளத்து யூதக் குடும்பம் ஒன்றின் துயரம் எங்கிருந்து வந்தது? சரித்திரம் தரும் விடை கசப்பானது. அது அவர்களின் பள்ளிக்கு உள்ளேயிருந்தே வந்தது.

1492-ல் ஸ்பெயினிலிருந்து யூதர்கள் துரத்தப்பட்ட பின், அங்கிருந்தும் பாக்தாத், அலெப்போ முதலிய இடங்களிலிருந்தும் சில குடும்பங்கள் கொச்சியில் வந்து சேர்ந்தன. இவர்களே பரதேசி யூதர்கள். வெள்ளை யூதர் என்றும் அழைக்கப்பட்டவர்கள். ஆயிரம் ஆண்டுகளாக இம்மண்ணில் வாழ்ந்து வந்த மலபார் யூதர்களுக்குக் கறுப்பு யூதர் என்று பெயரிட்டு, அவர்களுடன் மணஉறவு கொள்ள மறுத்தார்கள். அடிமை வழியில் வந்தவர்கள் என்று அவர்களை இழித்துரைத்தார்கள். இத்தகைய சண்டை பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எகிப்து வரை சென்றது. கொச்சியில் 900 குடும்பங்கள் இருப்பதாகவும், அவற்றுள் உயர்குலத்தார் எனப்பட்ட நூறு குடும்பங்கள் மற்றவரை அடிமைகள் என்று ஒதுக்குவதாகவும் கூறி, கெய்ரோவில் வாழ்ந்த பேரறிஞர் டேவிட் இப்னு ஜிம்ராவிடம் தீர்ப்புக் கேட்டார்கள். முறைப்படி நீராட்டுச் சடங்கு செய்துவிட்டால் அவர்கள் முழு யூதர்களே. மணஉறவு கொள்ளத் தடையில்லை என்று அவர் எழுதியனுப்பினார். அவருடைய மாணவரும் பின்னர் அவ்வாறே தீர்ப்பளித்தார். தீர்ப்பு வந்தது; வழக்கம் மாறவில்லை. சாத்திரம் ஒன்று கூற, சாதி வேறொன்று செய்ததை நாம் அறியாதவர்களா?

இவ்விரு பிரிவினர்க்கும் அப்பால் மூன்றாவது ஒரு சிறு கூட்டம் இருந்தது. பரதேசி யூதர்களின் வீட்டில் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களும் அவர்களின் வழித்தோன்றல்களும் அடங்கிய கூட்டம் அது. எபிரேய மொழியில் இவர்களுக்கு 'விடுவிக்கப்பட்டோர்' என்று பொருள்படும் பெயர். விடுவிக்கப்பட்டோர் என்றாலும், பள்ளியில் அவர்களுக்குப் பெஞ்சியில் அமர உரிமையில்லை. முன்கூடத்தில் தரையிலும் படியிலுமே அமரலாம். வேதச் சுருளை ஓத அழைக்கப்படமாட்டார்கள். இடுகாட்டிலும் அவர்களுக்குத் தனியிடம். கொச்சியில் அடிமை முறை 1854-லும், திருவிதாங்கூரில் 1855-லும் சட்டப்படி ஒழிக்கப்பட்டன. பள்ளியின் படியிலோ அது மேலும் எண்பது ஆண்டுகள் உட்கார்ந்திருந்தது.

அந்தக் கூட்டத்தில் 1882-ல் பிறந்தவர் ஆபிரகாம் பாராக் சேலம். எர்ணாகுளத்தில் படித்துச் சென்னை சென்று சட்டம் பயின்று வழக்கறிஞரானார். கொச்சிச் சட்டசபையில் 1925 முதல் 1931 வரையிலும், 1939 முதல் 1945 வரையிலும் உறுப்பினராக இருந்தார். தொழிலாளர் சங்கங்களை அமைத்தார். 1929-ல் பூரண சுயராஜ்யத் தீர்மானம் நிறைவேறிய லாகூர்க் காங்கிரஸ் மகாசபைக்குச் சென்று வந்தார். சட்டசபையில் நாற்காலியில் அமர்ந்து பேசும் இம்மனிதர், சபாத்து நாளில் தம் பள்ளிக்குச் சென்றால் முன்கூடத்துக்கு அப்பால் இடமில்லை. முதலில் சில காலம் பள்ளிக்கே செல்லாமல் விலகியிருந்தார். பிறகு காந்தியடிகளின் வழியைப் பின்பற்றிச் சத்தியாக்கிரகத்தைக் கைக்கொண்டார். மக்கள் அவரை 'யூத காந்தி' என்றழைத்தார்கள்.

இது தனியே நிகழ்ந்ததன்று. 1924 மார்ச்சில் திருவிதாங்கூர் அரசின் எல்லைக்குள் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. ஈரோட்டிலிருந்து வந்து அதனை நடத்திய பெரியார் ஈ. வெ. ராமசாமி, கைதாகித் திருவனந்தபுரம் சிறையில் கடுங்காவல் தண்டனை அனுபவித்தார். 1936 நவம்பர் 12-ல் திருவிதாங்கூர் மன்னர் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்டார். திருவனந்தபுரத்தில் கையெழுத்தான அந்த ஓலையின் அதிர்வு எல்லா வழிபாட்டிடங்களிலும் கேட்டது. கொச்சி யூதரிடையே 1930-களில் ஆய்வு நடத்திய அமெரிக்க மானிடவியலாளர் டேவிட் மாண்டல்பாம், பழைய தடைகளுள் பல தளர்ந்து விட்டதைக் கண்டு எழுதினார். ஒரு நாட்டில் ஒரு கதவு திறக்கப்பட்டால், அந்த ஓசையில் மற்றக் கதவுகளும் அசையும்.

எனினும், கதவு திறந்தாலும் குடும்பத்தின் கதை முடிந்துவிடுவதில்லை. சேலத்தின் மகன் ஒருவர், பரதேசிக் குடும்பத்துப் பெண் ஒருவரை 1950-ல் மணந்துகொண்டபோது, கொச்சியில் கடும் எதிர்ப்பு மூண்டது. பெஞ்சியில் இடம் கொடுத்தவர்கள் வீட்டில் இடம் கொடுக்க மனம் வரவில்லை. பொது உரிமை வேறு, உறவுரிமை வேறு. முன்னதைச் சட்டம் தரலாம், பின்னதை மனமே தர வேண்டும்.

பிறகு யூதர்கள் பெருந்திரளாக இஸ்ரேலுக்குப் புறப்பட்டார்கள். 1948-ஐ ஒட்டி ஏறத்தாழ 2,500 பேர் இருந்த சமூகத்தில், அடுத்த ஏழெட்டு ஆண்டுகளில் மிகப் பெரும்பாலோர் சென்றுவிட்டார்கள். அங்கும் முதலில் தடை எழுந்தது. யானைக்கால் நோய் பரவும் என்று கூறி, கொச்சி யூதர்களின் வருகையை அந்நாட்டுச் சுகாதார அதிகாரிகள் தாமதப்படுத்தினார்கள். சேலம் 1953-ல் தாமே அங்கு சென்று, தம் மக்களுக்காக வாதாடினார். அவர்களை அனுப்பிவைக்கப் பாடுபட்ட அவர், தாம் மட்டும் கொச்சியிலேயே தங்கி, 1967-ல் இம்மண்ணிலேயே மறைந்தார். 1968 டிசம்பரில் பரதேசிப் பள்ளியின் நானூறாம் ஆண்டு விழாவில் பிரதமர் இந்திரா காந்தி கலந்துகொண்டார். இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது. படியில் அமர்ந்து போராடியவர் அந்த விழாவைக் காண உயிருடன் இல்லை.

அதே விடுவிக்கப்பட்டோர் கூட்டத்தைச் சேர்ந்த ரூபி டானியல் என்ற அம்மையாரையும் குறிப்பிட வேண்டும். 1912-ல் பிறந்தவர், இரண்டாம் உலகப் போரின்போது இந்தியக் கடற்படையின் மகளிர் பிரிவில் பணியாற்றினார், 1951-ல் இஸ்ரேல் சென்றார். கேரள யூதப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக மலையாளத்தில் பாடிவந்த பாடல்களுள் நூற்றுக்கு மேற்பட்டவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் காத்தார். அவருடைய வாழ்க்கை நினைவுகள் 1995-ல் நூலாக வந்தன. வெள்ளை, கறுப்பு என்று ஆண்கள் பிரிந்து நின்ற காலத்திலும், எல்லாப் பிரிவுப் பெண்களும் பெரும்பாலும் அதே பாடல்களைத் தத்தம் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார்கள் என்பது நாடகாசிரியனுக்குக் கிடைத்த பெருஞ்செல்வம்.

இங்கே மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நம் போன்றவர்களின் கண்ணில் படும் ஒரு சொல்லைப் பற்றிக் கூற வேண்டும். 'பரதேசி' என்ற வடசொல்லுக்குப் பிற தேசத்தான் என்பதே பொருள். தமிழில் அச்சொல் பிச்சைக்காரனைக் குறித்து, பின் வசைச்சொல்லாகவே தாழ்ந்துவிட்டது. கொச்சியிலோ அதே சொல் செல்வமும் செல்வாக்கும் படைத்த பிரிவினரின் பெருமைக்குரிய பட்டமாயிற்று; மண்ணில் வேரூன்றிய பழங்குடிகளே அங்கே கீழ்ப்படியில் நின்றார்கள். வெளியிலிருந்து வந்தவன் தாழ்ந்தவன் என்பதும், வெளியிலிருந்து வந்தவன் உயர்ந்தவன் என்பதும் ஒரே சொல்லின் இரு பிறவிகள். இரண்டிலும் மனிதனை அளக்கும் கோல் தவறானதே. மேடையில் இச்சொல் வரும்போது அதனை மொழிபெயர்க்காமல் அப்படியே ஒலிக்க விடுவது நலம். கேட்போரின் நெஞ்சே அதற்குப் பொருள் சொல்லிக்கொள்ளும்.

இத்தகைய குடும்பக் கதையை ஏற்று நடத்தத் திருவனந்தபுரம் மேடைக்குத் தகுதி உண்டா என்றால், நிச்சயமாக உண்டு. 1896-ல் எழுந்த விக்டோரியா ஜூபிலி நகர மண்டபம் பல தலைமுறை நாடகங்களைக் கண்டது. 2019-ல் அதற்கு அய்யன்காளியின் பெயர் சூட்டப்பட்டது. தெருவில் நடக்கும் உரிமைக்குப் போராடிய ஒருவரின் பெயர் தாங்கிய மண்டபத்தைவிடப் பொருத்தமான இடம் இக்கதைக்கு வேறில்லை. இந்நகரில் வாழ்ந்த என். கிருஷ்ண பிள்ளை, 1942-ஆம் ஆண்டின் 'பக்நபவனம்' போன்ற நாடகங்களால், குடும்பத்தின் கூடத்துக்குள் நிகழும் உள்ளப் போராட்டத்தை மேடைப் பொருளாக்கினார். மன்னரும் போரும் இல்லாமல் நான்கு சுவர்களுக்குள் ஒரு முழு நாடகம் நடக்க முடியும் என்று மலையாள ரசிகர்கள் அன்றே கற்றுக்கொண்டார்கள்.

அதனினும் முக்கியமான முன்மாதிரி ஒன்று கேரளத்தில் இருக்கிறது. 1929-ல் வி. டி. பட்டதிரிப்பாடு எழுதி மேடையேற்றிய 'அடுக்களையிலிருந்து அரங்கத்துக்கு' என்னும் நாடகம் அது. நம்பூதிரி இல்லங்களின் அடுக்களை இருளில் பெண்கள் பட்ட துயரை, அந்தச் சமூகத்திலேயே பிறந்த ஒருவர், அந்தச் சமூகத்தாரின் மாநாட்டிலேயே, அவர்கள் கண்ணெதிரே நடத்திக் காட்டினார். ஷைலாக்கின் கதை, ஒரு சமூகத்தைப் பிறர் மேடையேற்றிய கதை. பட்டதிரிப்பாட்டின் நாடகமோ, ஒரு சமூகம் தன்னைத் தானே மேடையேற்றிக் கொண்ட கதை. முன்னதில் சபையோர் பிறரைப் பார்த்துச் சிரித்தார்கள். பின்னதில் தம்மைப் பார்த்து வெட்கினார்கள். சமூகத்தைத் திருத்தும் ஆற்றல் இந்த இரண்டாவது வகை நாடகத்துக்கே உண்டு.

ஆகவே, யூதக் குடும்பம் ஒன்றின் கதையைப் புதிதாக மேடையேற்றுவோர் சில செய்திகளை மனத்திற் கொள்ள வேண்டும். கேரள யூதர் பள்ளிக்குள் செருப்புக் கழற்றியே செல்வார்கள். எண்ணெய் விளக்குகள் தொங்கும். நடுவே ஓதும் மேடை ஒன்றும், மகளிர் மாடத்தை ஒட்டி மேல்தளத்தில் மற்றொன்றுமாக இரண்டு மேடைகள் இருப்பது கேரளப் பள்ளிகளுக்கே உரிய தனிச்சிறப்பு. மணப்பெண் கழுத்தில் தாலி ஏறும். வீட்டில் பேசும் மொழி மலையாளம். தாடியும் கறுப்பு அங்கியுமாக மேல்நாட்டுப் படங்களைப் பார்த்து வேடமிட்டால், அது மீண்டும் ஷைலாக்கின் நிழலையே கொண்டுவந்து நிறுத்தும். கேரளத்தில் இருந்த எட்டுப் பள்ளிகளுள் பறவூர், சேந்தமங்கலம் ஆகிய இரண்டும் பழுது பார்க்கப்பட்டு அருங்காட்சியகங்களாக விளங்குகின்றன. பறவூர் முன்னாளில் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது. திருவனந்தபுரத்தின் ஆணைக்கு உட்பட்டிருந்த யூதக் குடிகள் அங்கே வாழ்ந்தார்கள். நடிப்போர் ஒரு முறை அங்கே சென்று அந்த முன்கூடத்தில் நின்று பார்த்தால், நூல்கள் தராத பலவற்றை அறிந்துகொள்வார்கள்.

இறுதியாக, வெளிமாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்கு இதிலிருந்து கிடைக்கும் படிப்பினை என்ன? நாமும் சென்ற இடத்தில் பரதேசிகளே. சில ஊர்களில் நம்மை வரவேற்றார்கள். சில ஊர்களில் நம் மொழியையும் உணவையும் நிறத்தையும் எள்ளினார்கள். அத்தகைய எள்ளலை அனுபவித்தவர்கள் பிறரிடம் அதைச் செய்யமாட்டார்கள் என்று எண்ணுவது இயல்பு. ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களே தம் சொந்த மதத்தாரைப் படியில் உட்கார வைத்தார்கள் என்ற கொச்சி வரலாறு அந்த எண்ணத்தைக் கலைக்கிறது. துன்பம் தானாகவே மனிதனுக்கு நல்லறிவைத் தந்துவிடுவதில்லை. அதை எண்ணிப் பார்ப்பவனுக்கே தருகிறது.

நாம் சேர்ந்து வாழும் ஊர்களில் சங்கங்கள் அமைக்கிறோம், பொங்கல் விழா நடத்துகிறோம், நாடகமும் போடுகிறோம். அந்தக் கூடங்களில் முன்வரிசையில் யார் அமர்கிறார்கள், வாசற்படியோடு யார் திரும்பிவிடுகிறார்கள், எந்த வீட்டுப் பெண்ணுக்கு எந்த வீட்டார் வரன் பேச மறுக்கிறார்கள் என்பதை நாம் ஒவ்வொருவரும் அறிவோம். மட்டாஞ்சேரியின் முன்கூடத்தை மேடையில் காட்டும் நாடகம் ஒன்று நம் ஊருக்கு வருமானால், அதைக் கொச்சிக் கதை என்று மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாமல், நம் சங்கத்தின் வாசற்படியையும் ஒரு முறை திரும்பிப் பார்த்தோமானால், அதுவே அந்த நாடகத்துக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.